கே.வி.யா, ஐ.எஸ்.ஸா? சோவியத் கனரக டாங்கியை அடையாளம் காண்பது எப்படி

படத்திலோ அருங்காட்சியகத்திலோ சோவியத் கனரக டாங்கியைப் பார்த்ததும் பலருக்கும் கண் முதலில் பீரங்கிக்குத்தான் போகும். அதை நம்பினால் ஏமாறுவீர்கள். ஒரு வண்டியின் கோபுரத்தை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியை, அப்படியே இன்னொன்றில் பொருத்தியது உண்டு. கீழிருந்து தொடங்குங்கள்.

ஒரு பக்கத்துச் சக்கரங்களை எண்ணுங்கள். 5 பெரிய சக்கரங்கள், சங்கிலி அவற்றின் மேலேயே படிந்து ஓடுகிறது என்றால் அது டி-34, நடுத்தர டாங்கி. 6 சக்கரங்கள், மேலே சங்கிலியைத் தாங்க 3 சிறு உருளைகள் என்றால் கே.வி. அல்லது ஐ.எஸ். முன்னது சோவியத் தளபதி கிளிமென்ட் வரஷீலவ் பெயரால், பின்னது ஸ்டாலின் பெயரால் வந்தது. 7 சக்கரங்களோடு கூரிய மூக்கும் (உடலின் முன்பக்கம்) இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டி-10.

அடுத்து மூக்கு. என் கணிப்பில் பொய் சொல்லாத சாட்சி இதுதான். கே.வி.யில் ஓட்டுநருக்கு முன் உள்ள தகடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே தட்டையாக இருக்கும். பக்கத்தில் பந்து வடிவப் பொருத்தில் இயந்திரத் துப்பாக்கி. ஐ.எஸ். மூக்கின் இரு கன்னங்களும் பின்னோக்கிச் சீவப்பட்டிருக்கும். இரண்டு சாய்தகடுகள் நடுவில் கூராகச் சந்தித்தால் ஐ.எஸ்-3. 1945 செப்டம்பர் 7 அன்று பெர்லின் அணிவகுப்பில் மேற்கு நாட்டுத் தளபதிகள் முதன்முதலாகப் பார்த்த மூக்கு அது.

இப்போது பீரங்கி. குழல் நுனியில் பக்கத் துவாரங்கள் கொண்ட தடித்த குமிழ் இருந்தால் 122 மி.மீ., அதாவது ஐ.எஸ்-2. அந்தப் பீரங்கியின் பின்னுதைப்பைக் குறைக்கத்தான் குமிழ். குண்டு மட்டுமே 25 கிலோ. குண்டையும் அதை உந்தும் வெடிமருந்துத் தோட்டாவையும் தனித்தனியே ஏற்ற வேண்டும். அதனால் நிமிடத்துக்கு 2, 3 முறைதான் சுட முடிந்தது. வண்டியில் கொண்டுபோனதும் 28 சுற்றுகளே.

குமிழ் இல்லாத 85 மி.மீ. என்றால் நிதானியுங்கள். ஐ.எஸ்-1, கே.வி-85 இரண்டுக்கும் ஒரே மாதிரி கோபுரம். மூக்குக்குத் திரும்புங்கள்: தட்டையான தகடு இருந்தால் கே.வி-85. அதில் பந்துத் துப்பாக்கி இருக்காது. அந்தத் துளையை அடைத்துவிட்டார்கள்.

ஐ.எஸ்-2 வண்டிகளின் காலத்தையும் மூக்கே சொல்லும். முன்பக்கம் படிபோல மடிந்து, ஓட்டுநருக்குத் திறக்கும் பார்வை மூடி இருந்தால் தொடக்க வகை. 1944-இல் மூடியை எடுத்து முன்பக்கத்தை ஒரே சாய்வாக்கினார்கள். பார்க்க ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. படி இருந்த இடத்தில் குண்டு எளிதாகத் துளைத்தது. நேர்சாய்வில் பட்டது வழுக்கிப் போனது.

பலர் சறுக்குவது நினைவுச்சின்னங்களில். கோபுரத்தைச் சுற்றி, 1945-இல் பெர்லின் சண்டையில் இருந்த வண்டிகளைப்போல வெள்ளைப் பட்டை பூசியிருப்பார்கள். சங்கிலிக்கு மேலுள்ள தகடுகளில் நீளமான சாமான் பெட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது 1950-களில் புதுப்பித்த ஐ.எஸ்-2எம், பட்டை பிறகு அடித்த பெயின்ட்.