மேக்ஃபைலில் ஹெட்டரை விட்டுவிட்டால்: சி ப்ராஜெக்டை ஒழுங்காக பில்டு செய்ய

நான்கைந்து ஃபைல் வரை சி கம்பைலரான ஜிசிசியைக் கையாலேயே ஓட்டிவிடலாம். அதைத் தாண்டினால் மேக் வேண்டும். பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதிய இந்தக் கருவி உங்கள் கோடைத் திறந்து படிப்பதில்லை. ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று மட்டும் பார்க்கும். டார்கெட்டைவிட (உருவாக்க வேண்டிய ஃபைல்) அது சார்ந்த ஃபைல் புதிதாக இருந்தால் கட்டளையை ஓட்டும், இல்லாவிட்டால் தொடாது.

மேக் படிக்கும் விதிகள் இருக்கும் இடம் மேக்ஃபைல். ஆரம்பத்துக்கு அதில் இரண்டே வரி போதும்:

கடை: மெயின்.ஓ வரி.ஓ
[டேப்] ஜிசிசி மெயின்.ஓ வரி.ஓ -ஓ கடை

.சி ஃபைலிலிருந்து .ஓ (கம்பைல் ஆன ஃபைல்) எடுக்கும் விதி குனு மேக்கிலேயே உண்டு, நீங்கள் எழுத வேண்டியதில்லை. இரண்டாம் வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எடிட்டர் அதை ஸ்பேஸாக மாற்றிவிட்டால் வரி எண்ணோடு ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். (இந்த டேப்பை மாற்றலாம் என்று ஃபெல்ட்மன் நினைத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே மேக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டார். அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறோம்.)

டேப் பிழையாவது கண்ணில் படும். ஹெட்டரை (பல .சி ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் .எச் ஃபைல்) மேக்ஃபைலில் விட்டுவிட்ட பிழை படாது. வரி.எச்-ல் ‘எண்’, ‘தொகை’ என இரண்டு இன்ட் கொண்ட ஸ்ட்ரக்ட் இருக்கிறது என்று வையுங்கள். இன்ட் 4 பைட் என்றால் தொகை இருப்பது (0-விலிருந்து எண்ணினால்) 4-வது பைட்டில். நடுவே ‘வரி’ என்று இன்னொரு இன்ட்டைச் செருகினால் தொகை 8-வது பைட்டுக்கு நகர்கிறது. வரி.சி-யிலும் கை வைத்திருப்பீர்கள், அதனால் அது மறுபடி கம்பைல் ஆகும். மெயின்.சி-யைத் தொடவில்லை, மெயின்.ஓ பழையபடியே நின்று 4-வது பைட்டையே படிக்கும். லிங்க் ஆகும், எந்தப் பிழையும் வராது, ஆனால் ‘தொகை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வரி’யின் மதிப்பு அச்சாகும். கோடில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கோடு சரியாகவே இருக்கிறது.

ஹெட்டர் பட்டியலைக் கையால் எழுத வேண்டாம், இரண்டே வாரத்தில் பழசாகிவிடும். கம்பைலரையே எழுத விடுங்கள்:

சிபிபிஃப்ளாக்ஸ் += -எம்எம்டி -எம்பி
-இன்க்ளூட் மெயின்.டி வரி.டி

ஃப்ளாக் இரண்டும் பெரிய எழுத்தில். ஒவ்வொரு .சி ஃபைலும் எந்த ஹெட்டர்களைச் சேர்க்கிறது என்ற பட்டியலை -எம்எம்டி ஒரு .டி ஃபைலில் எழுதிவைக்கும். இன்க்ளூட் வரியை ஃபைலின் கடைசியில் போடுங்கள், மேலே போட்டால் .டி ஃபைலில் வரும் முதல் டார்கெட்டையே மேக் இயல்பான டார்கெட்டாக எடுத்துக்கொள்ளும். இன்க்ளூடின் முன்னால் உள்ள ‘-’ குறி, .டி ஃபைல் இன்னும் இல்லாதபோது பிழை காட்டாமலிருக்க. -எம்பி எதற்கென்றால், ஒரு ஹெட்டரை அழித்தபின் ‘நோ ரூல் டு மேக் டார்கெட்’ என்று பில்டு நின்றுபோகாமலிருக்க. இதைச் சேர்த்ததும் பழைய .ஓ எல்லாவற்றையும் ஒருமுறை அழித்துவிடுங்கள். அவை இருக்கும்வரை மறுபடி கம்பைல் ஆகாது, .டி ஃபைலும் பிறக்காது.

ஃப்ளாக்கை மட்டும் மாற்றினாலும் மேக்குக்குத் தெரியாது. ‘மெயின்.ஓ வரி.ஓ: மேக்ஃபைல்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஒவ்வொரு கட்டளை வரியும் தனி ஷெல்லில் ஓடும். முதல் வரியில் சிடி போட்டு ஃபோல்டர் மாறினாலும் அடுத்த வரி பழைய இடத்திலிருந்தே தொடங்கும்; இரண்டையும் && போட்டு ஒரே வரியில் எழுதுங்கள்.

வேகத்துக்கு, பல ஃபைலை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும் -ஜே உண்டு. எட்டு கோர் இருந்தால் -ஜே8. எண் போடாமல் விட்டால் வரம்பே இல்லை. பெரிய சி++ ப்ராஜெக்டில் ரேம் தீர்ந்து மெஷின் திணறும். சாதாரணமாக ஓடுவது -ஜே போட்டதும் உடைந்தால், -ஜே-வைக் கழற்றிவிடாதீர்கள்: ஒரு டார்கெட் எந்த ஃபைலைச் சார்ந்தது என்று எங்கோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், இதுவரை வரிசை தற்செயலாகச் சரியாக அமைந்தது. எந்த ஃபைல் எதனால் மறுபடி கம்பைல் ஆகிறது என்று பார்க்க, குனு மேக் 4.0 முதல் உள்ள --ட்ரேஸ் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும்.