நின்றபடி சபிக் சாப்பிடுவது எப்படி: ஃபுட் ஹாலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சபிக் என்பது பொரித்த கத்தரிக்காயையும் முட்டையையும் பீட்டா என்ற பை போன்ற ரொட்டிக்குள் அடைத்துத் தரும் இஸ்ரேலியச் சாப்பாடு. நியூயார்க்கில் ஒரு ஃபுட் ஹாலில், அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், இஸ்ரேலியக் கவுண்டரில் முதல் தடவை அதை வாங்கியபோது, நாலு வாய் சாப்பிடுவதற்குள் பீட்டாவின் அடி கிழிந்து, முட்டையும் கத்தரிக்காயும் தரைக்குப் போய்விட்டன. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவைதான் கடைசி வாய் வரை கையில் நின்றது. அதற்குள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை), ஷவர்மா எது வாங்கினாலும் சாப்பிடும் முறை இதுதான்.

படி 1: நேரமும் கைகளும்

மதியம் 12 முதல் 2 வரை தவிர்த்துவிடுங்கள். மன்ஹாட்டனில் இருக்கும் செல்சீ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது நேஷனல் பிஸ்கட் கம்பெனியின் தொழிற்சாலை. ஓரியோ பிஸ்கட் 1912-இல் பிறந்தது அங்கேதான். இஸ்ரேலிய சமையல்காரர் எயால் ஷானி 2018-இல் தன்னுடைய மிஸ்னோன் கடையைத் திறந்ததும் அங்கேதான். செங்கல் சுவர்களுக்கு நடுவே நீண்டு போகும் அந்த நடைகூடத்தில் சாப்பிட வந்தவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பக்கத்து அலுவலகக்காரர்கள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நடப்பார்கள். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 11:30-க்கு முன்னால் போங்கள், இல்லாவிட்டால் மூன்று மணிக்கு மேல்.

இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். தோளில் குறுக்காக மாட்டும் பைதான் சரி. பணம் கட்டியதுமே ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

படி 2: எதைக் கேட்பது

ஃபலாஃபலும் ஹும்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுதும் பாலஸ்தீனம், சிரியா, லெபனான், எகிப்து சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருபவை. அங்கிருந்துதான் இஸ்ரேலியத் தெருக்கடைகளுக்கு வந்தன. சபிக் வந்த வழி வேறு. 1950-51-இல் ஈராக்கிலிருந்து சுமார் 1,20,000 யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே பொரித்து வைத்த கத்தரிக்காயும், இரவு முழுக்க இளஞ்சூட்டில் கிடந்து பழுப்பேறிய முட்டையும்தான் சனிக்கிழமைக் காலைச் சாப்பாடு. இதைப் பீட்டாவுக்குள் அடைத்து 1961-இல் ரமத் கான் நகரில் விற்கத் தொடங்கியவர் சபிக் ஹலாபி. சபிக் என்பது அவர் பெயர்தான் என்பார்கள். காலையைக் குறிக்கும் 'சபாஹ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

இந்தக் கதையை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். சபிக் ஆறினாலும் ருசி குறையாத சாப்பாடு. ஃபலாஃபல் அப்படி இல்லை. ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைக்காமல் அரைத்துப் பொரிப்பது, நம் மசால் வடை மாதிரியேதான். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே சாப்பிட வேண்டும். ஆகவே என் கணக்கு இது: கூட்டம் இருந்தால் ஃபலாஃபல், கூட்டம் இல்லாவிட்டால் சபிக். ஆள் குறைந்த நேரத்தில் ஃபலாஃபல் தட்டில் காத்துக்கிடந்து இறுகிப் போயிருக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு கூடுதலாகக் கேளுங்கள். மேலே ஊற்றும் வெள்ளை சாஸ் தயிரோ மயோனைஸோ இல்லை, தஹினி. எள் விழுதில் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்தது.

படி 3: அம்பா வேண்டுமா, ஹரீஃப் வேண்டுமா

கவுண்டரில் வேகமாகக் கேட்பது இந்த இரண்டு சொற்களைத்தான். ஹரீஃப் என்றால் ஹீப்ருவில் காரம். அதில் பச்சையாக இருப்பது ஸ்ஹுக். பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூண்டு சேர்த்து அரைத்தது, ஏமன் யூதர்கள் கொண்டுவந்தது. நம் நாக்குக்குப் பழகிய காரம், தைரியமாகக் கேளுங்கள்.

அம்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மாங்காய், மஞ்சள், வெந்தயம் எல்லாம் போட்ட, கூழ் போன்ற ஊறுகாய் அது. மாங்காயைக் குறிக்கும் மராத்திச் சொல் 'ஆம்பா'தான் இந்தப் பெயருக்கு மூலம். பாக்தாத் யூதர்கள் மும்பையில் வணிகம் செய்த காலத்தில் இது ஈராக்குக்குப் போய், அங்கிருந்து இஸ்ரேலுக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் வந்த வெந்தய வாசனையில் எனக்கு ஊர் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆனால் நிறைய ஊற்றச் சொல்லாதீர்கள். அம்பா தண்ணியாக இருக்கும், நேராக அடிக்கு இறங்கிப் பீட்டாவை ஊறவைத்துவிடும். முதல் இரண்டு தடவையும் என் பீட்டா கிழிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு கரண்டி போதும். அதையும் எல்லாம் அடுக்கிய பிறகு மேலே விடச் சொல்லுங்கள்.

படி 4: பெயர் கொடுப்பது

பல கவுண்டர்களில் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தயாரானதும் சத்தமாகக் கூப்பிடுவார்கள். என் பெயரில் ழகரம் உண்டு. முழுப் பெயரையும் சொன்னேன். கூப்பிட்டது என்னைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துப் போய்க் கேட்டபோது பீட்டா கவுண்டரிலேயே இருந்தது, அடிப்பக்கம் காகிதம் நனைந்திருந்தது. கிழிந்ததற்கு மீதிப் பாதிக் காரணம் இது. இப்போது பெயரில் இரண்டு எழுத்தை மட்டும் சொல்கிறேன். சொன்ன பிறகு, எடுத்துக் கொடுக்கும் ஆளின் முகம் தெரியும் இடத்தில் நின்றுகொள்வேன்.

படி 5: பிடிப்பது

பீட்டா அடுப்பில் பூரி மாதிரி உப்புவதால்தான் உள்ளே பை உண்டாகிறது. மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, ரொட்டியை இரண்டு தோலாகப் பிரிக்கும். அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. இதைக் கவனித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கையில் வாங்கியதும் காகிதத்தின் விளிம்பைச் சற்று விலக்கிப் பாருங்கள். கத்தரிக்காயின் கறுப்போ அம்பாவின் மஞ்சளோ மங்கலாகத் தெரிந்தால் அது மெல்லிய பக்கம். கனமான பக்கம் உள்ளங்கையில் படும்படி திருப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம்தான் எடையைத் தாங்கும்.

அடுத்து, பர்கர் மாதிரி படுக்க வைத்துப் பிடிக்காதீர்கள். நேராக, வாய் மேலே பார்க்கும்படி, பால் டம்ளரைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் அடியில் இருக்கட்டும். கால்களைச் சற்று அகட்டி, இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். சொட்டினால் சட்டையில் விழாது. அம்பாவில் இருப்பது மஞ்சள். வெள்ளைச் சட்டையில் பட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் வாயில் ரொட்டியைக் கடிக்க வேண்டாம். மேலே குவிந்திருக்கும் வெள்ளரியையும் தக்காளியையும் முதலில் சாப்பிடுங்கள். அதன் பிறகு ஒரு ஓரத்தில் தொடங்கி அடுத்த ஓரம் வரை வரிசையாகக் கடித்து வாருங்கள். நடுவில் கடித்தால் இரண்டு பக்கமும் விரிந்து கிழியும். காகிதத்தை ஒவ்வொரு வாய்க்கும் விரலளவுதான் கிழிக்க வேண்டும், முழுதாக உரிக்கவே கூடாது. கடைசியில் தஹினி தேங்கிய அடித்துண்டு மிஞ்சும். எனக்கு அதுதான் இருப்பதிலேயே ருசி. அதைக் காகிதத்தில் ஏந்தி, துண்டை மட்டும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் வேண்டாம், பீட்டாவைக் குத்திக் கிழித்துவிடும். நாப்கின் மட்டும் ஐந்தாறு கேட்டு வாங்குங்கள். அகலமான லாஃபா ரொட்டியில் சுற்றித் தருவதும் உண்டு. மேஜை கிடைத்தால் மட்டும் அதை வாங்குவேன், நின்று சாப்பிட அது கனம்.

பின்சேர்க்கை: எள் அலர்ஜி இருக்கும் ஒருவர், தான் என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தார். அமெரிக்காவில் 2023 முதல் பாக்கெட் உணவில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கவுண்டரில் கையில் தருவதில் லேபிள் இருக்காது, கேட்டுத்தான் ஆக வேண்டும். தஹினியை விட்டால் மட்டும் போதாது, ஹும்முஸிலும் எள் உண்டு. அலர்ஜி கடுமையாக இருந்தால் இந்தக் கவுண்டரே வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: செல்சீ மார்க்கெட்டில் வாங்கி, பக்கத்தில் பழைய ரயில் மேம்பாலத்தின் மேல் இருக்கும் ஹை லைன் பூங்காவுக்கு எடுத்துப் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று போனவருக்கு, போய்ச் சேர்வதற்குள் பீட்டா ஊறிவிட்டதாம். அவர் கேட்ட பிறகு நானும் போய்ப் பார்த்தேன். தஹினியையும் அம்பாவையும் சின்னக் கிண்ணங்களில் தனியாகக் கேட்டு வாங்கினேன். 16-ஆம் தெருவில் மேலே ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டேன். பீட்டா கடைசி வரை கிழியவில்லை.