எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிட்டு வராதீங்கோ: மனசு தாங்கேலாம உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போகேக்க விடுற பிழையள்

குக்கர் விசில் அடிக்குது, சின்னவள் கொப்பியத் தூக்கிக்கொண்டு பக்கத்தில நிக்கிறாள், மாமி உள்ளுக்க இருந்து மருந்து கேக்கிறா, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் விடாம அடிச்சுக்கொண்டே இருக்கு. நான் அடுப்பை நிப்பாட்டிட்டு குசினி நிலத்தில அப்பிடியே குந்திட்டன். அழுகை கூட வரேல்ல. கையில ஒரு சின்ன வெங்காயம், அதை உரிக்கோணுமா வெட்டோணுமா எண்டே விளங்கேல்ல.

இதை வெறும் களைப்பு எண்டு நினைக்காதீங்கோ. களைப்பெண்டா நல்லா நித்திரை கொண்டு எழும்பினாப் போயிடும். இது மாசக்கணக்கா உடம்பு ஆபத்து வரப்போகுது எண்ட உசாரிலயே நிக்கிறது, நெஞ்சு படபடக்கும், தோள்மூட்டு இறுகும், கதவு அடிச்சாலும் திடுக்கிடும், ஒண்டுமில்லாததுக்குப் பிள்ளையளில எரிஞ்சு விழுவம், பிறகு அதை நினைச்சு இருந்து அழுவம். 90இல ஓடினது, 2004 சுனாமி, 2006 மூதூர் சண்டை, 2022இல காஸ் கியூ எண்டு எங்கட திருகோணமலைச் சனத்துக்கு இந்த உசார் பழகிப்போச்சு, அதாலதான் "இது எல்லாருக்கும் உள்ளதுதானே" எண்டு விட்டிடுறம். நானும் ரெண்டு வருஷம் அப்பிடித்தான் விட்டனான்.

பிறகு ஒருமாதிரி உளவளத்துணைக்குப் போனன். போய் விட்ட பெரிய பிழை, முதல் நாளே எல்லாத்தையும் சொன்னது. உளவளத்துணை மிஸ் ரெண்டு தரம் "கொஞ்சம் மெதுவாப் போவமா" எண்டு கேட்டவ, நான் நிப்பாட்டேல்ல. சம்பூர்ல இருந்து உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது, அப்பா செத்தது, கடன், மாமிட வருத்தம், எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள்ள. வெளிய வரேக்க பாரம் இறங்கின மாதிரி இருந்தது உண்மைதான். ஆனா அண்டிரவு தொடங்கி மூண்டு நாள் கண் மூடேலாமப் போச்சு, பழைய சத்தமெல்லாம் காதுக்குள்ள. இது எனக்குச் சரிவராது எண்டு அடுத்த டேட்டுக்குப் போகவே இல்ல.

மனசில உள்ளதைக் கொட்டினா ஆறும் எண்டு கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். சொல்லுறது கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல, பழைய காயத்தைப் பற்றிக் கதைச்சே ஆத்துற சிகிச்சையளும் இருக்கு, நல்ல சிகிச்சையள். ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, நிரம்பி வழிஞ்சுகொண்டு நிக்கிற ஆளுக்கு முதல்ல உடம்பு அடங்கப் பழகோணும். பெரிய அழிவு நடந்த கையோட ஒரே இருப்பில எல்லாத்தையும் சொல்ல வைக்கிற முறைய உலக சுகாதார ஸ்தாபனமே செய்ய வேண்டாம் எண்டுதான் சொல்லுது. அதே ஸ்தாபனம் 2016இல வெளியிட்ட பிரொப்ளம் மனேஜ்மென்ட் பிளஸ் எண்ட முறையில கிழமைக்கு ஒண்டா 5 அமர்வு, முதலாவதில உடம்பை ஆறுதல்படுத்தப் பழக்குறாங்கள், பிறகு பிரச்சினையளப் பிரிச்சுப் பாக்கிறது, பிறகு விட்டுப்போன வேலையளத் திரும்பத் தொடங்கிறது, பிறகு ஆரிட்ட உதவி கேக்கலாம் எண்டு பாக்கிறது. பழைய கதை முழுக்கச் சொல்லச் சொல்லி அதில கேக்கிறேல்ல.

அடுத்தது, வீட்டுப் பாரம் ஒண்டும் குறையாம மனசு மட்டும் லேசாகும் எண்டு எதிர்பாக்கிறது. எனக்கு இதுதான் ஆகக் கஷ்டமா இருந்தது. தலைக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் கொப்பியில எழுதி மூண்டாப் பிரிக்கோணும்: தீர்க்கக்கூடியது, தீர்க்கேலாதது, முக்கியமில்லாதது. எனக்கு 23 விசயம் வந்தது. இவர் கட்டார்ல இருக்கிறது தீர்க்கேலாத பக்கம். பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் புதுச் சாறி வாங்கிறது முக்கியமில்லாத பக்கம், அதை அங்க எழுதவே எனக்குக் கை வரேல்ல. மாமிய கிளினிக்குக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டது தீர்க்கக்கூடிய பக்கம், ஏனெண்டா தம்பி பாலையூத்திலதான் இருக்கிறான், நான் அவனிட்ட ஒருநாளும் கேட்டதில்ல, அவ்வளவுதான். கேட்டன், "ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்ல" எண்டான்.

இன்னொரு பிழை, மூச்சுப் பயிற்சிய நெஞ்சு படபடக்கத் தொடங்கின பிறகுதான் முதல்முதல் செஞ்சு பாக்கிறது, பிறகு "அது வேலை செய்யாது" எண்டு சொல்லுறது. வாடைக்காலத்தில கடல் கொந்தளிக்கேக்க நிலாவெளியில ஆரும் நீந்திப் பழகிறேல்லையே. சும்மா இருக்கிற நேரத்தில, பின்னேரம் உப்புவெளிக் கரையில இருக்கேக்க, பஸ்ஸுக்குள்ள இருக்கேக்க, மூச்ச உள்ள எடுக்கிறதை விட வெளிய விடுறதை நீளமா விட்டு ரெண்டு மூண்டு நிமிசம் செய்யுங்கோ, ஒவ்வொரு நாளும். அப்பிடிப் பழகி வைச்சாத்தான் அந்தரத்தில கை குடுக்கும்.

ஊர் சின்னது, ஆரும் காணுவாங்கள் எண்டு பயந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப் போற ஆக்கள் இருக்கினம். போய்வர ஒரு நாளே போயிடும், அதோட மூண்டாந்தரம் அலுத்துப்போய் விட்டிடுவினம். பக்கத்தில இருக்கிறதை முதல் பாருங்கோ. பிரதேச செயலகங்களில உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறவை, காசு இல்ல, பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன ஆக்களோட ஆக்களா நீங்களும் போகலாம், ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கும் இலவசம்தான்.

ரத்தம் சோதிக்காம விடாதீங்கோ. தைரொயிட் பிழைச்சாலும் ரத்தம் குறைஞ்சாலும் இதே படபடப்பும் சோர்வும் வரும். மனநல வைத்தியர் குளிசை தந்தவரெண்டா ஒரு கிழமையில ஒண்டும் தெரியேல்ல எண்டு விடவும் கூடாது, மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்கிற கனக்கக் குளிசையள் பிடிக்க ரெண்டு கிழமையில இருந்து ஆறு கிழமை வரை எடுக்கும். சுகமா இருக்கு எண்டு நீங்களாவே டக்கெண்டு நிப்பாட்டினா தலைச்சுத்தும் எரிச்சலும் வரும், சொல்லிப்போட்டுப் படிப்படியாக் குறைக்கோணும். கோணேசருக்கும் பத்திரகாளி அம்மனுக்கும் நேத்தி வைக்கிறதுக்கு இது ஒண்டும் எதிரில்ல, ரெண்டையும் செய்யுங்கோ.

மறைக்கக்கூடாத விசயம் ஒண்டு இருக்கு. "இருந்து என்னத்துக்கு, செத்தா நல்லம்" எண்ட நினைப்பு வந்தா அதை முதல் வாக்கியமாச் சொல்லுங்கோ, அடுத்த டேட் வரைக்கும் காத்திருக்காதீங்கோ. 1926 எண்டது தேசிய மனநல நிறுவனத்தின்ட போன் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். வீட்டு ஆக்களும் இதைக் கேட்டா "விசர்க் கதை கதைக்காத" எண்டு வாயை அடைக்க வேண்டாம், தயவுசெஞ்சு பக்கத்தில இருங்கோ.

டேட் விட்டுப்போச்சு, இனி எந்த முகத்தோட போறது எண்டு நினைச்சுக்கொண்டு எத்தினை பேர் வீட்டில இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும், நானும் 7 கிழமை இருந்தனான். திரும்பிப் போகேக்க என்ன சொல்லுறது எண்டு தெரியாம, கொப்பி ஒற்றையில "போன முறை கதைச்சதில நித்திரை இல்லாமப் போச்சு, இந்த முறை மெதுவாப் போவம்" எண்டு எழுதி, வாயால ஒண்டும் சொல்லாம அதை மிஸ்ஸிட்ட நீட்டினன். அவ வாசிச்சிட்டு மடிச்சு மேசையில வைச்சா. என்ட கதிரைய ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி, செருப்பைக் கழட்டி ரெண்டு காலையும் நிலத்தில நல்லா ஊண்டச் சொன்னா, நிலம் குளிரா இருக்கா எண்டு கேட்டா. அண்டைக்கு முழுக்க நாங்கள் கதைச்சது என்ட நித்திரையப் பற்றி மட்டும்தான்.