இலவச வக்கீல்கிட்ட 20 நிமிஷம் கிடைச்சா அத எப்படி வீணாக்காம இருக்கறது

முதல்ல என் கதைய சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் இவ்ளோ கறாரா பேசறேன்னு புரியும். சிங்கப்பூர்ல பிடிஓ, அதாவது ஹவுசிங் போர்டு புதுசா கட்டித்தர்ற வீட்டோட சாவி வர்ற வரைக்கும் நாங்க ஒரு வருஷம் வாடகை வீட்ல இருந்தோம், காலி பண்ணும்போது ஓனர் 2,600 வெள்ளி டெபாசிட்ட தரமாட்டேன்னுட்டார், ஏர்கான் ரிப்பேராம், சுவத்துல கறையாம். பக்கத்து சமூக மன்றத்துல மாசம் ஒரு நாள் சாயங்காலம் இலவச சட்ட ஆலோசனை இருக்குன்னு கேள்விப்பட்டு போனேன். உள்ள ஒரு இளம் வக்கீலம்மா, சிரிச்ச முகம். நான் ஆரம்பிச்சேன் பாருங்க, ஏர்கான் எப்ப ஒழுக ஆரம்பிச்சுச்சு, ஓனரோட மனைவி போன்ல என்ன தொனியில பேசினாங்க, எங்கம்மா அந்த வீட்டுக்கு போகாதடின்னு முதல்லயே சொன்னது வரைக்கும். அவங்க பொறுமையா கேட்டுட்டு, மணிய பாத்துட்டு, "அக்ரிமென்ட் கொண்டுவந்திருக்கீங்களா? எந்த தேதில சாவிய திருப்பி குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. அக்ரிமென்ட் வீட்ல இருக்கு, தேதி ஞாபகம் இல்ல. 17 நிமிஷம் போயிடுச்சு. மிச்சம் 3 நிமிஷத்துல அவங்க சொன்னதுதான் எனக்கு உபயோகமான ஒரே விஷயம்.

அதுக்கப்புறம் அதே மாதிரி ஒரு இடத்துல பதிவு மேசைல உக்காந்து உதவி பண்ண ஆரம்பிச்சேன், தமிழ்ல பேசறவங்க வந்தா மொழிபெயர்க்கறதும் உண்டு. வாராவாரம் பாக்கறது என்னன்னா, என்ன மாதிரிதான் எல்லாரும் வர்றாங்க.

இந்த இலவச ஆலோசனைல என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுட்டு போங்க. ஒரு வக்கீல் சுமார் 20 நிமிஷம் உங்க பிரச்சனைய கேட்டு, சட்டப்படி உங்க நிலைமை என்ன, அடுத்து எங்க போகணும்னு சொல்லுவாங்க. அவ்ளோதான். கடிதம் எழுதி தரமாட்டாங்க, எதிராளிக்கு போன் பண்ணமாட்டாங்க, கோர்ட்டுக்கு கூட வரமாட்டாங்க. இத தெரியாம வந்து "என்னமா, ஒன்னும் செய்யலியே"ன்னு கோவிச்சுட்டு போறவங்க நிறைய. புரோ போனோ எஸ்ஜிங்கற இலவச சட்ட உதவி அமைப்பு நடத்துற ஆலோசனைகளும் இருக்கு, நிறைய சமூக மன்றங்கள்ல அந்தந்த தொகுதிக்காரங்க நடத்துறதும் இருக்கு. முன்கூட்டியே பதிவு பண்ணணும், நேரா போய் நின்னா சில சமயம் திருப்பி அனுப்பிடுவாங்க.

ஆனா பல பேருக்கு இங்க வரவே தேவையில்ல, வேற கதவ தட்டணும், அத முதல்ல சொல்றேன்.

கடைக்காரர், கான்ட்ராக்டர், வீட்டு ஓனர் மாதிரி ஆளுங்ககிட்ட காசு வரணும்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனல், சின்ன தொகை தகராறுக்கான கோர்ட். 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பக்கமும் எழுத்துல ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும். வாடகை விஷயம்னா ரெண்டு வருஷத்துக்கு மேல போகாத குடியிருப்பு ஒப்பந்தமா இருக்கணும். அங்க வக்கீலே வைக்கக்கூடாது, நீங்களேதான் பேசணும், அதனால எதிராளியும் பெரிய வக்கீல வச்சு உங்கள மிரட்ட முடியாது, எனக்கு இதுல ஒரு தனி திருப்தி. சிங்பாஸ், அதான் அரசாங்க ஆன்லைன் அடையாள கணக்கு, போட்டு ஆன்லைன்லயே பதியலாம், கோர்ட் வாசல மிதிக்கறதுக்கு முன்னாடியே அந்த சிஸ்டத்துக்குள்ளயே எதிராளிகூட பேரம் பேசவும் வழி இருக்கு.

சம்பள பிரச்சனைன்னா டாடம் (TADM), முதலாளி தொழிலாளி தகராற பேசி தீத்து வைக்கற அமைப்பு. மத்தியஸ்தம் அங்கதான், அது சரிவரலன்னாதான் எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலுக்கு போகும். அங்கயும் வக்கீல் கிடையாது. பக்கத்து வீட்டு சத்தம், மாடில இருந்து தண்ணி சொட்டறதுன்னா சமூக மத்தியஸ்த நிலையம். விவாகரத்து, ஜீவனாம்சம் மாதிரி சிவில் கேஸுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லாத குடிமக்கள், நிரந்தரவாசிங்களுக்கு லீகல் எய்ட் பீரோ, 1958ல இருந்து இருக்கு, வருமானம் சேமிப்பு எல்லாம் பாப்பாங்க, கேஸ்ல விஷயம் இருக்கான்னும் பாப்பாங்க, முழுக்க இலவசம்னு நினைக்காதீங்க, சில பேர் கொஞ்சம் காசு கட்ட வேண்டி வரும். போலீஸ் கேஸ், குற்றச்சாட்டுன்னா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸ், அதுவும் குடிமக்கள், நிரந்தரவாசிங்களுக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு புரோ போனோ எஸ்ஜி பாத்துக்கற கிளாஸ் (CLAS)ங்கற குற்ற வழக்கு சட்ட உதவி திட்டம் இருக்கு. வீட்ல அடி உதை, மிரட்டல்னா இந்த 20 நிமிஷத்துக்காக காத்திருக்கவே வேண்டாம், 1800-777-0000க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, உடனடி ஆபத்துன்னா 999.

எம்.பி. செஷனுக்கு, அதாவது தொகுதி எம்.பி.ய நேர்ல பாத்து குறைய சொல்ற கூட்டத்துக்கு, போறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் கைவந்த பழக்கம். ஹவுசிங் போர்டுக்கு, வேற ஏதாவது அமைச்சுக்கு கடிதம் வேணும்னா தாராளமா போங்க. ஆனா கோர்ட்ல இருக்கற கேஸ எம்.பி. கடிதம் வச்சு மாத்த முடியாது, அதுக்காக வரிசைல மூணு மணி நேரம் நின்னுட்டு கெடு தேதிய விட்டுடாதீங்க.

கெடு தேதின்னு சொல்லிட்டேன், இதுதான் நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது. நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் தேதி தாண்டிடுச்சுன்னா கதவு மூடிடும். ஸ்மால் கிளெய்ம்ஸுக்கு பிரச்சனை வந்த நாள்லேர்ந்து 2 வருஷம். சம்பள பாக்கிக்கு, வேலைய விட்டுட்டீங்கன்னா கடைசி நாள்லேர்ந்து 6 மாசம், இன்னும் அதே வேலைல இருந்தா பாக்கி வந்த நாள்லேர்ந்து 1 வருஷம். அநியாயமா வேலைய விட்டு தூக்கிட்டாங்கன்னா வெறும் 1 மாசம்! இந்த ஒரு மாசத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, முதல் ரெண்டு வாரம் அழுதுட்டு, மூணாவது வாரம் புது வேலை தேடிட்டு, நாலாவது வாரம் சித்தப்பா மகன் ஒருத்தருக்கு லோயர் தெரியும்னு காத்திருந்து, அப்புறம் எங்ககிட்ட வர்றாங்க. வேலைல அடிபட்டா நஷ்டஈடு கேக்க விபத்து நடந்த நாள்லேர்ந்து 1 வருஷம், தப்பு யாரோடதுன்னு நிரூபிக்க தேவையில்ல, அந்த கம்பெனிய விட்டு போயிட்டாலும் கேக்கலாம்.

சரி, தயாராகறது எப்படி. ஒரே ஒரு ஏ4 தாள் எடுங்க. மேல ஒரே வரில உங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க, "ஓனர்கிட்டருந்து 2,600 வெள்ளி டெபாசிட் திரும்ப வேணும்" இந்த மாதிரி. "நியாயம் வேணும்"னு எழுதாதீங்க, அத வச்சு அவங்க ஒன்னும் பண்ண முடியாது. அதுக்கு கீழ இடது பக்கம் தேதி, வலது பக்கம் அன்னிக்கி என்ன நடந்துச்சு, ஒரு வரிக்கு மேல வேண்டாம். எட்டு பத்து வரில முடிஞ்சிடணும். கோவம், வருத்தம், மாமியார் சொன்னது எதுவும் அதுல வரக்கூடாது. தமிழ்லயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருந்தா என்ன மாதிரி யாராவது படிச்சு சொல்லிடுவோம், ஆனா தேதியும் தொகையும் கண்டிப்பா இருக்கணும். தாளோட கடைசில மூணு கேள்வி எழுதிக்கோங்க, முக்கியமானது முதல்ல.

அப்புறம் பேப்பர். எல்லாத்தையும் தேதி வரிசைல அடுக்குங்க. ஒரு தடவ ஒரு ஆன்ட்டி பழைய பிஸ்கட் டின்ல பேப்பர் எல்லாம் போட்டு தூக்கிட்டு வந்தாங்க, வீட்டுக்காரர் இறந்து நாலு மாசம். டின்ன திறந்தா மேல கரண்ட் பில்லு, அதுக்கு கீழ கோயில் அர்ச்சனை ரசீது, பேரன் ஸ்கூல் லெட்டர், நடுவுல எங்கயோ உயில். ரெண்டு பேரும் வெளிய பெஞ்சுல உக்காந்து ஒவ்வொன்னா பிரிச்சோம், கால் மணி நேரம் ஆச்சு. "எல்லாம் எனக்குத்தான்னு எழுதி வச்சிருக்காரும்மா, சிபிஎஃப் காசும் அதுல இருக்கு பாரு"ன்னு காட்டினாங்க. ஆனா சிபிஎஃப், அதான் சம்பளத்துலேர்ந்து பிடிக்கற கட்டாய சேமிப்பு, அந்த பணம் உயில்ல வராது, அது யாருக்கு போகணும்னு தனியா நாமினேஷன் பண்ணணும், அவரு பண்ணல. உள்ள வக்கீல் அததான் சொன்னாரு, நாமினேஷன் இல்லன்னா அந்த காசு பப்ளிக் டிரஸ்டீங்கற அரசாங்க அதிகாரி வழியா வாரிசு சட்டப்படி பிரியும், அவங்க குடும்பத்துக்கு மனைவிக்கு பாதி, பிள்ளைங்களுக்கு பாதி. முஸ்லிம் குடும்பம்னா கணக்கு வேற. ஆன்ட்டி கொஞ்ச நேரம் டின் மூடிய பாத்துட்டே இருந்தாங்க. அன்னிக்கி ராத்திரி வீட்டுக்கு போனதும் நான் முதல் வேலையா என் நாமினேஷன செக் பண்ணேன், கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேருக்கு போட்டது, கல்யாணம் ஆனதும் தானாவே செல்லாம போயிடும்னு அப்பதான் எனக்கே உறைச்சுது. நீங்களும் பாருங்க.

ஆதாரம்னா முத்திரை குத்துன பேப்பர் மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. வாட்ஸ்அப் மெசேஜ் சேத்திதான், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நம்பரும் தேதியும் தெரியற மாதிரி எடுங்க, நடுவுல ஒன்ன மட்டும் வெட்டி எடுக்காம முன்னாடி பின்னாடி பேசினதும் இருக்கட்டும். ஒரிஜினல அழிச்சிடாதீங்க. வாய்ஸ் மெசேஜ் தமிழ்ல இருந்தா யாரு, எப்ப, என்ன சொன்னாங்கன்னு தாள்ல எழுதி வைங்க, போன காதுல வச்சு எல்லாத்தையும் கேக்க 20 நிமிஷத்துல நேரம் இருக்காது.

வெளிநாட்டு தம்பிங்களுக்கு தனியா ஒன்னு. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி வந்த ஐபிஏ லெட்டர், அதான் வொர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம், பத்திரமா இருக்கட்டும், உங்க சம்பளம் எவ்ளோன்னு அதுலதான் இருக்கு. 2016 ஏப்ரல்லேர்ந்து விவரமான பேஸ்லிப் குடுத்தே ஆகணும். சம்பளம் மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள, ஓடி, அதாவது ஓவர்டைம், காசு 14 நாளுக்குள்ள வரணும், ஓடிக்கு மணிக்கணக்கு ரேட்ல ஒன்றரை மடங்கு. வெத்து பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, சூப்பர்வைசர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும். ஒரு தம்பி மளிகை கடைல குடுத்த தினசரி காலண்டர் தாள ஒன்னையும் தூக்கி போடாம வச்சிருந்தாரு, ராகு காலம் எமகண்டத்துக்கு பக்கத்துல பேனாவுல "8 - 9.30, ஜூரோங்" இப்படி ஒவ்வொரு நாளும் எந்த சைட்டு, எத்தன மணிலேர்ந்து எத்தன மணின்னு. ரப்பர் பேண்ட் போட்டு ஏழு மாச கட்டு. வக்கீல் அத பாத்துட்டு, இத பத்திரமா வச்சுக்கோங்க, டாடமுக்கு போகும்போது இதான் முதல்ல எடுக்கணும்னாரு. பேஸ்லிப்ப விட அதுதான் அன்னிக்கி பேசிச்சு. டிடபிள்யூசி டூ (TWC2), ஹோம் (HOME), மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டர்னு வெளிநாட்டு தொழிலாளிங்களுக்கான அமைப்புங்க மூணும் இந்த மாதிரி கேஸ்ல உதவி பண்ணுவாங்க, டிடபிள்யூசி டூ 2008லேர்ந்து லிட்டில் இந்தியால வேலை இல்லாம கேஸுக்கு காத்திருக்கற தொழிலாளிங்களுக்கு இலவச சாப்பாடு போட ஆரம்பிச்சவங்க, தேக்கா பக்கம் விசாரிச்சா யாராவது வழி சொல்லுவாங்க.

உள்ள போனதும் வணக்கம் சொல்லிட்டு தாள அவங்க பக்கம் திருப்பி வைங்க, அவங்க படிக்கட்டும், நீங்க பேசாதீங்க. கஷ்டமா இருக்கும், தெரியும். படிச்சுட்டு அவங்க கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க மேல இருக்கற தப்பையும் சொல்லிடுங்க, ரெண்டு மாசம் வாடகை லேட்டா கட்டினது, கோவத்துல கெட்ட வார்த்தைல மெசேஜ் போட்டது, எதுவா இருந்தாலும். எதிராளி அத எப்படியும் எடுத்து நீட்டுவான், அதுக்கு முன்னாடி வக்கீலுக்கு தெரிஞ்சா வழி சொல்லுவாங்க. இங்கிலீஷ் தடுமாறினா பதியும்போதே தமிழ்ல பேசணும்னு சொல்லிடுங்க, வெக்கப்படாதீங்க. மகன மொழிபெயர்க்க கூட்டிட்டு வர்றது சரிதான், ஆனா குடும்ப விஷயம்னா அவன் முன்னாடி முழு உண்மை வராது, நான் பாத்திருக்கேன். போலீஸ் வாக்குமூலத்துலயும் அப்படித்தான், புரியலன்னா மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, திரும்ப படிச்சு காட்டும்போது தப்பு இருந்தா திருத்த சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

கடைசி 3 நிமிஷத்த கேக்காம விடாதீங்க. "நான் அடுத்து எங்க போகணும், எந்த தேதிக்குள்ள, கைல என்ன எடுத்துட்டு போகணும்?" இத கேட்டு, அவங்க சொன்னத உங்க வாயாலயே திருப்பி சொல்லி சரியான்னு கேட்டுக்கோங்க. வெளிய வந்ததும் பஸ் ஏறறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, வீட்டுக்கு போறதுக்குள்ள பாதி மறந்திடும், மிச்ச பாதிய வீட்ல இருக்கறவங்க மாத்திடுவாங்க.

ஜெயிச்சா காசு தானா வந்திடும்னும் நம்பாதீங்க. டிரிப்யூனல் உத்தரவு போட்டும் எதிராளி கட்டலன்னா, அத அமல்படுத்த நீங்கதான் மறுபடி விண்ணப்பிக்கணும், அதுக்கு தனி செலவு. அதனால ஒரு நியாயமான தொகைக்கு அவங்க இறங்கி வந்தா யோசிங்க. என் கேஸ் விசாரணை வரைக்கும் போகல, ஆன்லைன் பேரத்துல ஓனர் 1,500ல ஆரம்பிச்சாரு, நான் சாவி திருப்பி குடுத்த தேதியோட போட்டோவ ஏத்தினேன், அதுல சுவத்துல ஒரு கறையும் இல்ல. 2,300ல முடிஞ்சுது. மிச்சம் 300 வெள்ளிய எங்கம்மா இன்னும் சொல்லிக்காட்டிட்டுதான் இருக்காங்க.