லோனோமியா: பயப்பட வேண்டியது புழுவுக்குத்தான்

பட்டுப்பூச்சி இனம் என்றதும் கிளைகளில் கூட்டைத் தேடுவது முதல் தவறு. தென் பிரேசிலிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பகுதியிலும் வாழும் லோனோமியா ஒப்லிகுவா, பெரிய பட்டு அந்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது நூல் நூற்றுக் கூடு கட்டுவதில்லை. வளர்ந்த புழு மரத்தைவிட்டு இறங்கி, அடியில் கிடக்கும் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும்.

அந்துப்பூச்சியைக் கண்டு அலறுவதும் வீண். விளக்கைத் தேடி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் அது, குறுக்கே கோடு ஓடிய காய்ந்த இலை மாதிரி இருக்கும். எதையும் உண்ணாது, இணைசேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிந்துவிடும். ஹைலேசியா என்ற அதன் உறவினத்தில் பெண் பூச்சியின் மயிர் பட்டால் தோல் கடுமையாக அரிக்கும். அந்தப் பழியை இதன்மேல் போட வேண்டாம். லோனோமியாவின் நஞ்சு புழுவின் முட்களில் இருக்கிறது.

பச்சை நிறக் கிளைமுட்களை மட்டும் வைத்துப் புழுவை அடையாளம் சொல்லிவிட முடியாது. ஆட்டோமெரிஸ் என்ற இன்னொரு உறவினத்தின் புழுக்களுக்கும் அவை உண்டு. பழுப்பு உடலையும், மார்புப் பகுதியின் முதுகில் லாட வடிவ வெள்ளைக் குறியையும் பார்க்க வேண்டும். அதைவிட நல்ல தடயம் அவற்றின் பழக்கம். இரவில் மேலேறி இலை தின்னும். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக் கிடக்கும். பட்டையின் நிறத்தோடு கலந்துவிடுவதால், வீட்டுத் தோட்டத்துப் பீச் மரத்தில் கை ஊன்றுகிறவர் ஒன்றை அல்ல, பல புழுக்களைச் சேர்த்து நசுக்குகிறார்.

இனிச் சொல்வது உயிரோடு விளையாடும் தவறு: எரிச்சல் அடங்கியதும் நிம்மதியடைவது. தொடக்கத்தில் தீப்பட்டது போன்ற எரிச்சல், பிறகு தலைவலி, குமட்டல், அவ்வளவுதான். இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை நஞ்சு கண்டபடி தூண்டிச் செலவழித்துவிடுகிறது. எனவே சில மணி நேரம் கழித்து ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும், அடிபடாத இடத்தில் தோல் கன்றும். சிறுநீரகம் செயலிழந்தும், மூளையில் இரத்தம் கசிந்தும் இறந்தவர்கள் உண்டு. இந்த நிலையில் வலிக்கென்று ஆஸ்பிரின் விழுங்குவது கசிவைக் கூட்டும்.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள புட்டான்டான் ஆய்வு நிறுவனம் இதற்கென்றே நச்சுமுறிவு மருந்து தயாரிக்கிறது. வேறு புழுவின் கடுப்புக்கு அது உதவாது. அதனால் புழுவைக் கொன்று வீசாமல், நீளக் குச்சியால் மூடியுள்ள டப்பாவில் தள்ளி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால், தள்ளி நின்று ஒரு தெளிவான படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.