பழைய டீசல் லாரி இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்தல்

திசையன்விளைத் தேரி மணலிலும் பணகுடிக் காற்றிலும் ஓடிய லாரியின் இன்ஜினைப் பிரித்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங் சிலிண்டர் சுவரில் உரசும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் தெரியும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக, உள்விட்டம் காட்டும் டயல் கேஜால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே, சிலிண்டரின் உள் உறையான லைனரை மாற்றுவதா, துளையைக் கடைந்து சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். டாடா 697 வகை இன்ஜினில் சிலிண்டரின் துளை 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 128 மி.மீ.; ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 5675 சி.சி.

புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் பாருங்கள். அவசரத்தில் இதை நான் ஒருமுறை விட்டேன். சூட்டில் ரிங்கின் வாய் முட்டி, லைனர் கீறிப்போனது.

மேம்படுத்துவதில் என் முதல் செலவு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கே. நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தும்போது டீசல் பனிபோலச் சிதறி, சட்டென நின்று, முனை காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு தொங்கினாலும் பிஸ்டனின் தலை பொசுங்கும். டீசல் பம்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி ஆறு லைனுக்கும் அளவைச் சமமாக்குங்கள், ஆனால் டீசலைக் கூட்டச் சொல்லாதீர்கள். காற்று கூடாமல் டீசல் கூடினால் கரும்புகைதான் மிஞ்சும். காற்றை எண்ணெயால் வடிகட்டும் ஆயில் குளியல் ஃபில்டருக்குப் பதில் பேப்பர் ஃபில்டர் பொருத்துவது நம் புழுதிக்கு ஏற்றது.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையில், முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, டீசல் லைனில் காற்றை எடுத்தபின் ஸ்டார்ட் செய்யலாம்.