பொங்கல் வாழ்த்து மடிப்பு வெடிக்காமல் இருக்க

அட்டையை மடிக்கும் முன், வெளிப்பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுங்கள். பள்ளம் வெளியே, புடைப்பு உள்ளே வருமாறு மடியுங்கள். நார்கள் அந்தக் கோட்டில் முன்பே நசுங்கிவிடுவதால் மடிப்பு வெடிக்காது, பிசிறும் கிளம்பாது. ஆனால் கோடு போடும் முன்பே, அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி இலகுவாக வளைகிறதோ அப்படியே மடித்தால் நார் ஓட்டத்தோடு போகும். அப்பச்சிக்கும் அம்மாயிக்கும் செய்ய, திருப்பூர் பனியன் பெட்டி அட்டையே தாராளம். சாம்பல் பக்கத்தை உள்ளே விட்டு, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள்.

நோட்டுத்தாள் போன்ற மெல்லிய தாளுக்கு இது வேண்டாம், கிழிந்துவிடும். அடர்நிறம் அச்சிட்ட அட்டையில் கோடு போட்டாலும் மடிப்பில் வெள்ளை தெரியலாம்.